குட்டிப் பூதத்தின் வாசலில் அத்தை

"எட்டாவது வரைக்கும் படிச்சதே இந்த வீட்டுக்கு ஜாஸ்தி" என்று அத்தை சொன்னபோது நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அப்பா சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயைச் சப்பிக்கொண்டிருந்தார். சக்கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அடுத்த துண்டை எடுத்தார். மறுப்பாக ஒரு வார்த்தை வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ரசம் ஊத்து" என்று அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான் வந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் குடமுருட்டி ஆற்றைத் தாண்டிப் போய்ச் சாலையில் நின்று, பஸ் பிடித்து, வலங்கைமான் போக வேண்டும். என்னோடு எட்டாவது முடித்த பெண்களில் சிலர் அதற்குள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். கம்பெனி வேன் வீட்டு வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துக்குத்தான் வாசலுக்கு வண்டி வராது.

அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்தார். லீவில் வந்திருந்தார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே திரும்பிப் போய்விடுவார். அவர் விமானம் ஏறுவதற்குள் என்னைச் சேர்த்துவிட்டால் உண்டு. இல்லாவிட்டால் அதற்கப்புறம் வீட்டில் முடிவு சொல்கிற ஆள் அத்தைதான். அப்பா இருக்கும்போதும் அவள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வீட்டுச் சாவிக்கொத்து அவள் இடுப்பைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. அவள் பேச்சை அப்பா ஒருநாளும் தாண்டமாட்டார்.

எனக்கு அந்த வயதிலேயே கர்வம் உண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் நிலைத்து உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போட மட்டும் கற்றவர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, மூன்றாவதோடு ஓடி வந்தவர். மருந்துச் சீட்டு, மின்சார வாரியத்து நோட்டீஸ், அப்பாவின் ஏஜெண்டு அனுப்பும் தாள் எல்லாவற்றுக்கும் நான்தான். அந்தக் கர்வத்தோடு கூடவே ஒரு பயமும் இருந்தது. ஒருநாள் எனக்குப் புரியாத ஒரு தாள் வரும், அன்றைக்கு எல்லாம் வெளுத்துவிடும் என்கிற பயம்.

அது தாளாக வரவில்லை. அட்டைப்பெட்டியாக வந்தது.

அப்பாவின் சாமான்களைப் பிரித்த அன்று தைலம், சோப்பு, பால்மாவு, டார்ச் லைட் எல்லாம் வெளியே வந்தன. அத்தை போன தடவையே சொல்லி அனுப்பியிருந்த கம்பளி மட்டும் வரவில்லை. தஞ்சாவூர் வெயிலில் கம்பளி எதற்கு என்று கேட்கக்கூடாது. சிங்கப்பூர்க் கம்பளி போர்த்துவதற்கில்லை, மடித்துப் பீரோவில் வைப்பதற்கு. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பெட்டி இருந்தது. மூடியில் சிறகு முளைத்த பெரிய பல்லி ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது.

"ஒரு வீட்ல காலி பண்ணிட்டுப் போனாங்க. வேணாம்னு வெச்சிருந்தாங்க. உள்ள புஸ்தகம் இருக்கு. படிக்கிற புள்ளைக்கு ஆகுமேன்னு..." என்று அப்பா இழுத்தார்.

"கம்பளி கேட்டா பல்லி வருது" என்றாள் அத்தை.

பெட்டிக்குள் மெல்லிய புத்தகம் ஒன்று, மடித்த வரைபடம் ஒன்று, ஆள் படம் போட்ட நான்கு அட்டைகள். ஒரு சின்னத் துணிப்பையில் கண்ணாடிபோல் மின்னும் கட்டைகள். நான்கு பக்கம் உள்ளது, எட்டுப் பக்கம் உள்ளது, இருபது பக்கம் உள்ளதுகூட இருந்தது. மாமா அந்த இருபது பக்கக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல தாயம் எங்க இருக்கு?" என்று கேட்டார். மாமா துபாய் விசாவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். காத்திருந்த காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டும் எல்லாவற்றிலும் மூக்கை நுழைத்துக்கொண்டும் இருந்தார்.

"எப்படி ஆடறதுன்னு படிச்சுச் சொல்லு" என்றார் அப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் புத்தகத்தைப் பிரித்தேன். தமிழ்வழிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் என்பது ஒரே ஒரு பாடப்புத்தகம். அதில் வருகிற எந்த வாக்கியமும் இந்தப் புத்தகத்தில் இல்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்று இரவு அம்மா பாத்திரம் ஒழித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "இதை மட்டும் ஒழுங்காப் படிச்சுக் காட்டிடு. பல்லிக்காக உங்கப்பா அத்தையோட கம்பளியை விட்டுட்டு வந்திருக்காரு. நீயும் முழிச்சேன்னா உனக்காகப் பேச அவருக்கு வாயே இருக்காது."

டீச்சர் வீட்டுக்குப் போய் அகராதியை இரவல் வாங்கி வந்தேன். அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வார்த்தைக்கு அகராதி நிலவறை என்று சொன்னது. இன்னொன்றுக்கு முன்முயற்சி என்று சொன்னது. முன்முயற்சிக்குக் கட்டையை எதற்கு உருட்ட வேண்டும் என்பது பிடிபடவே இல்லை. மாமா தினமும் வந்து, "என்னம்மா, நீயும் பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்ற?" என்பார். அத்தை சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு கடந்து போவாள். அந்தச் சத்தம் கேட்டாலே நான் படித்த வரி மறந்துவிடும்.

கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. இந்த ஆட்டத்துக்குக் கட்டமும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதையைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு அட்டையை எடுத்துக்கொண்டு கதைக்குள் இருக்கும் ஆட்களாகிவிட வேண்டும். சொல்கிறவர் எதிரில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரிடமும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது நடக்குமா நடக்காதா என்பதற்குத்தான் கட்டை. பின்பக்கங்களில் புதிதாக ஆடுகிறவர்களுக்கென்று ஒரு சாகசக் கதை இருந்தது. ஆறு வற்றிப்போன ஒரு ஊர். மேலே மலைக்குகையில் குட்டிப் பூதங்கள் தண்ணீரை அடைத்து வைத்திருக்கின்றன. நான்கு பேர் போய், குகையின் அறைகளைத் தாண்டி, கடைசி அறையில் தலைமைப் பூதத்தைக் கொன்று மதகைத் திறக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் ஒரு வரி மட்டும் என்னைப் படுத்தியது. ஆடுகிறவர்கள் இந்தப் புத்தகத்தில் இல்லாத எதையாவது செய்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். எப்படிப் பார்த்தாலும் அகராதி அப்படித்தான் சொன்னது. எந்தப் புத்தகமாவது படிக்கிற பெண்ணிடம் நீயே முடிவு செய் என்று சொல்லுமா? என் இங்கிலீஷில்தான் கோளாறு என்று அந்த வரியை விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் கட்டை உருட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள் அத்தை. அதனால் கொல்லைப்புறத்து வைக்கோல் கொட்டகையில் பாயை விரித்தோம். மத்தியான நேரம், கரண்ட் இல்லை. ஆற்றில் மணல்தான் ஓடியது. மேட்டூர் எப்போது திறப்பார்கள், குறுவை உண்டா இல்லையா என்று ஊரே வானொலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கோடை அது. நான் கதையின் தொடக்கத்தைத் தமிழில் சொன்னதுமே மாமா தொடையில் தட்டினார்.

"நம்ம ஊர்க் கதைடி இது. வெள்ளைக்காரனுக்கு யார் சொன்னது?"

வாளேந்திய வீரனை மாமா எடுத்துக்கொண்டார். தாடி வைத்த மந்திரவாதியை அப்பா எடுத்தார். கிழவன், ஓட வேண்டியிருக்காது என்றார். மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்த அம்மா, "நான் ஆடலை. ஆனா அந்தச் சாமியாரை விட்டுட்டுப் போயிடாதீங்க" என்று மூன்றாவது அட்டைக்காகப் பரிந்து பேசினாள். மிஞ்சியது ஒரு பெண்ணின் படம். அத்தை முறத்தோடு ஓரமாக உட்கார்ந்து உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது உனக்கு" என்று அப்பா அட்டையை நீட்டினார். "பாப்பா, இவங்க யாரு?"

அட்டையில் திருடி என்று போட்டிருந்தது. "பூட்டுத் திறக்கிறவங்க" என்றேன்.

அத்தை படத்தைப் பார்த்தாள். இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அட்டையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

குகை வாசலை விவரித்துவிட்டு ஒவ்வொருவரிடமும் கேட்டேன். மாமா உள்ளே பாய்வதாகச் சொன்னார். அப்பா முதலில் கல்லை விட்டெறிந்து பார்ப்பதாகச் சொன்னார். "அத்த, நீங்க என்ன செய்யறீங்க?" என்றேன். உளுந்தை அளைந்த விரல்கள் நின்றன. என்னையே பார்த்தாள். நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை கேட்டேன்.

"என்னை ஏன் கேக்கற? தம்பியைக் கேளு" என்றாள்.

"எல்லாரையும் கேக்கணும் அத்த. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் வாசல்லயே நின்னு உள்ள என்ன சத்தம் வருதுன்னு கேக்கறேன்."

பாய்ந்து போன மாமா முதல் அறையிலேயே குழியில் விழுந்தார். இருபது பக்கக் கட்டையில் அவருக்கு மூன்று விழுந்தது. "இவனுக்கு விசாவும் இப்படித்தான் விழும்" என்று அப்பா சொல்ல, அம்மாகூடச் சிரித்தாள். அத்தை சத்தம் கேட்டு நின்றதால் இரண்டாம் அறையில் பதுங்கியிருந்த காவல் பூதங்களை முன்கூட்டியே தெரிந்துகொண்டார்கள். மூன்றாம் அறையின் பூட்டை அத்தைதான் திறந்தாள். கட்டையைத் தொடமாட்டேன் என்றதால் அவளுக்காக அப்பா உருட்டினார். ஒவ்வொரு தடவையும் நான் திக்கித் திக்கிப் படிப்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்படியே முடிந்துவிட்டால் நாளைக்கு அப்பாவிடம் வலங்கைமான் பேச்சை எடுக்கலாம் என்று எண்ண ஆரம்பித்தேன்.

கடைசி அறை. மதகுக்குப் பக்கத்தில் தலைமைப் பூதம் கோடரியோடு நிற்கிறது என்று படித்தேன். புத்தகத்தில் அதற்கப்புறம் சண்டைதான்.

"வெட்டு!" என்றார் மாமா.

"இரு" என்றாள் அத்தை. "அவனுக்கு வயல் இருக்கா?"

"யாருக்கு?"

"அந்தப் பூதத்துக்குத்தான். தண்ணியை அடைச்சு வெச்சிருக்கானே, எதுக்கு? குடிக்கவா அவ்வளவு தண்ணி? மேல சாகுபடி இருக்கணுமே."

நான் பக்கத்தைத் திருப்பினேன். முன்னால் திருப்பினேன். பூதம் எவ்வளவு அடி தாங்கும், இடுப்புப் பையில் எத்தனை தங்கக் காசு இருக்கும் எல்லாம் போட்டிருந்தது. வயலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைமடையில் பிறக்காத யாரோ எழுதிய புத்தகம் அது. போடவில்லை என்று சொன்னால் எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்றுதான் நினைப்பார்கள்.

"இருக்கு" என்றேன்.

"எத்தனை மா?"

"பத்து மா" என்றேன். மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல்.

"குறுவையா, சம்பாவா?"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். அத்தை நகர்ந்து பாயின் நடுவுக்கு வந்துவிட்டாள். முறை வைத்துக்கொள்ளலாம் என்று பூதத்திடம் சொன்னாள். நாற்று விடும்வரை கீழூருக்கு முதல் தண்ணீர், அதற்கப்புறம் நாள் கணக்கு வைத்து மாற்றி மாற்றி. எங்கள் ஊர் மதகடியில் வருடா வருடம் ஆண்கள் கூடிப் பேசுகிற பேச்சு அது. அத்தை அங்கே நின்று நான் பார்த்ததில்லை, ஆனால் ஒரு வரி விடாமல் தெரிந்து வைத்திருந்தாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பூதம் என்ன சொல்கிறது?

எனக்குத் தெரிந்த மதகடிப் பேச்சு ஒன்றுதான். அப்பாவுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் அங்கே கேட்டது. குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, நன்றாகவே செய்கிறேன் என்ற நினைப்பில் சொன்னேன்: "பொம்பளகிட்ட எல்லாம் தண்ணிப் பேச்சுப் பேசறதில்லை. வீட்ல ஆம்பள இருந்தா வரச் சொல்லு."

மாமா சிரிக்க ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டார். அத்தையின் முகம் சட்டென்று எனக்குத் தெரியாத முகமாகிவிட்டது. முறத்தை எடுத்தாள். உளுந்து கொஞ்சம் சிந்தியது, பொறுக்கவில்லை. எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

அப்பா கேட்டார்: "அது புஸ்தகத்துல இருக்கா பாப்பா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அதுவரை சொன்னது எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும். "இல்லப்பா" என்றேன். அவர் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டு, பெட்டியை மூடினார்.

அன்று அத்தை எனக்குச் சோறு போட்டாள், பேசவில்லை. மறுநாள் காலையும் பேசவில்லை. என் டி.சி. பழைய பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. கொல்லையில் அப்பாவும் அத்தையும் தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டார்கள், நான் கிட்டே போனதும் நிறுத்தினார்கள். திருப்பூர் வேன் அடுத்து எப்போது வருகிறது என்று யாரோ தெருவில் விசாரித்தது எனக்காகத்தான் என்று தோன்றியது. "ஏண்டி உனக்கு இந்த வாய்?" என்றாள் அம்மா. ஆட்டத்தில் பூதமாக இருப்பதற்கும் நானாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அழுதேன்.

மத்தியானம் கொட்டகைப் பக்கம் போனேன். பாய் விரித்திருந்தது. அத்தை தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் அந்தப் பெட்டி.

"வா. உக்காரு" என்றாள். "நேத்து விட்ட எடத்துலேர்ந்து சொல்லு. நான் இன்னும் அவன் வாசல்லதான் உக்காந்திருக்கேன்."

புத்தகத்தைப் பிரித்தேன், அதில் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தே. "அத்த, நீங்க என்ன செய்யறீங்க?"

"ஆம்பள வரமாட்டான்னு சொல்றேன். அவனுக்குக் கடல் தாண்டி வேலை. தண்ணிப் பேச்சு என்கிட்டதான்னு சொல்றேன்."

பூதம் உடனே ஒத்துக்கொண்டுவிட வேண்டும், அத்தைக்கு மனசு குளிர வேண்டும் என்று எனக்கு ஆசைதான். ஆனால் அவள் என்னைப் பார்த்த பார்வையில், விட்டுக்கொடுத்தால் கோபம் அதிகமாகும் என்று பட்டது. "பேசமாட்டேங்குது" என்றேன்.

"சரி. உக்காந்திருக்கேன்."

"மழை வருது அத்த."

"வரட்டும். மழை வந்தா யாருக்கு நல்லது?"

"இருட்டிடுச்சு. குளிருது."

"கம்பளி இருந்திருந்தாப் போத்திப்பேன்" என்றாள். அப்போதுதான் வாசலில் வந்து நின்ற அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமாவும் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார். அம்மா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பத்து மா சொன்னியே, அதுல நடவு நடறது யாரு? களை எடுக்கறது யாரு? அவனா குனிஞ்சு எடுக்கறான்? அவன் வீட்டுப் பொம்பளைங்கதானே. அவங்களைக் கூப்பிடு. அவங்ககிட்டப் பேசிக்கறேன்."

பெண் பூதம் புத்தகத்தில் எங்குமே இல்லை. "கட்டையை உருட்டலாமா அத்த?" என்று இருபது பக்கக் கட்டையை நீட்டினேன். என் பொறுப்பை அதன் தலையில் போட்டுவிடலாம் என்று.

"அது என்ன முடிவு பண்றது? படிச்சவ நீதானே. நீ சொல்லு. வருவாளா, வரமாட்டாளா?"

நான் விட்டுவிட்டுத் தாண்டிப் போன அந்த முதல் பக்கத்து வரி அப்போதுதான் சரியாக அர்த்தமானது. இங்கிலீஷில் எந்தக் கோளாறும் இல்லை. நான்கு பேரும் காத்திருந்தார்கள்.

"வரா" என்றேன். "இடுப்புல சேறு. கையில கதிர் அரிவாள். உங்க பக்கத்துல வந்து உக்கார்றா."

அத்தை பெருமூச்சு விட்டாள். அதற்கப்புறம் பேச்சு ரொம்ப நேரம் ஓடியது. நாற்றங்காலுக்கு எவ்வளவு, வரப்பை யார் வெட்டுவது, பூதப் பிள்ளைகள் மதகில் குதித்து விளையாடலாமா என்பது வரை. நான் பூதத்தின் பெண்டாட்டியாகி விட்டுக்கொடுக்காமல் பேசினேன். முடிவில் மதகு பாதி திறந்தது. கோடரியோடு நின்ற பூதம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மாமா மட்டும் கடைசிவரை வாளைக் கையில் பிடித்தபடி வேலையில்லாமல் நின்றார்.

பெட்டியை மூடும்போது அத்தை என்னிடம், "நாளைக்கு ஆடினா என்னை முதல்ல கேளு" என்றாள். பிறகு, அதே மூச்சில், "டி.சி.யை எடுத்து வை" என்றாள். எனக்கு இரண்டாவது சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது.

மறுநாள் காலை அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். "நீ இரு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் அத்தை. மணலில் ஆற்றைக் கடந்து, பஸ் பிடித்துப் போனோம். தலைமையாசிரியர் என் மார்க்கைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு அத்தையைப் பார்த்து, "அப்பா ஊர்ல இல்லீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கான். வீட்ல இருக்கான்."

"அப்ப அவரை ஒரு நடை வரச் சொல்லுங்கம்மா. பேசிட்டுச் சேத்துக்கலாம்."

"நான் வந்திருக்கேன்ல? என்கிட்டப் பேசுங்க" என்றாள் அத்தை. அவர் சொல்லாமலேயே எதிரிலிருந்த நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சாவிக்கொத்து நாற்காலியில் மோதிச் சத்தம் போட்டது. அறையில் இருந்த மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. எல்லாம் கூடி வரும் நேரத்தில் இவள் கெடுத்துவிடுவாள் என்று பதறிப்போய், அவள் முந்தானையை இழுத்து, "அப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கலாம் அத்த" என்று கிசுகிசுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். தலைமையாசிரியர் வேறு வேலைகளைப் பார்த்தார். அத்தை அசையவில்லை. பிறகு அவராகவே ஒரு தாளை எடுத்து, மைப்பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அத்தை கட்டை விரலை அழுத்தி வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பூதம் பேசிய பேச்சுக்காக இன்னும் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து, வீடு வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவே பயந்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா ஒருநாள் சொன்னாள். அத்தையின் புருஷன் செத்துப்போன கையோடு அவரது பங்கு வயலைப் பற்றிப் பேச அவருடைய அண்ணன் தம்பிகள் கூடினார்களாம். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று, நான் இங்கேயே இருந்து சாகுபடி செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். உங்கள் வீட்டு ஆண்களை வரச்சொல் என்று கதவைப் பார்த்துச் சொன்னார்களாம். இங்கிருந்து ஆண்கள் போனார்கள், பேசினார்கள், டிரங்குப் பெட்டியோடு அவளை அழைத்து வந்தார்கள். நீ என்ன செய்யப்போகிறாய் என்று அந்தப் பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை, இந்தப் பக்கத்திலும் யாரும் கேட்கவில்லை. பஸ் ஜன்னலில் அவள் கோபமாகத்தான் இருந்தாள் என்று நான் அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன்.

இப்போது நான் ஒரு சாகசக் கதை எழுதியிருக்கிறேன். தமிழில், புதிதாக ஆட வருகிற பிள்ளைகளுக்காக. படித்துப் பார்த்த பதிப்பாளர் நல்ல மனிதர். கடைசி அறையைச் சொல்லும் பக்கத்துக்கு எதிரே ஒரு முழுப் பக்கம் காலியாக இருக்கிறதே, அதில் என்ன நடக்கும் என்று எழுதித் தாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று கேட்டிருந்தார். நேற்று அவருக்குப் பதில் அனுப்பினேன். பக்கம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, அச்சுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டேன்.